ஆறாத கஞ்சி

"மேடம், மீனெல்லாம் செத்துக்கினே கீது. நீங்க குடுத்த பவுடரைப் போட்டதுக்கு அப்புறம்தான். நீங்க இங்க வர்றீங்களா, இல்ல நான் உங்க ஆபீசுக்கு வரட்டுமா?"

காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரம். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன். ஆபீசுக்கு அவர் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "நானே வர்றேன் அண்ணா, நீங்க எங்கயும் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

அப்போது மீன் தீவனத்தில் கலக்கும் வைட்டமின் பவுடர் விற்கிற ஒரு சின்ன கம்பெனியில் களப்பணியாளராக இருந்தேன். மீன்வளம் படித்தவள் நான். கோலார் தங்கவயலிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. சுரங்கம் மூடியபிறகு அப்பா பெங்களூருவில் செக்யூரிட்டி வேலைக்கு வந்தவர். மீன் வளர்ப்பதற்கெல்லாம் காலேஜ் இருக்கிறதா என்று எங்கள் சொந்தக்காரர்கள் ஒவ்வொரு கல்யாணத்திலும் கேட்பார்கள். இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

நான் விற்ற பவுடரில் வைட்டமின் சி-யும் ஈ-யும்தான் முக்கியம். பெரும்பாலான மீன்களால் தங்கள் உடம்பில் வைட்டமின் சி-யைத் தாங்களே உண்டாக்கிக்கொள்ள முடியாது, தீவனத்தில் வந்தால்தான் உண்டு. தண்ணீர் சூடேறினாலும் சட்டென்று குளிர்ந்தாலும் மீனின் உடம்பு திணறும். அப்போது அந்தச் சத்து வழக்கத்தைவிட வேகமாகக் கரையும். அதனால் வெயில் உச்சத்துக்கு வருமுன்பே சில வாரங்கள் கொடுத்து உடம்பில் சேர்த்து வைத்தால், சூட்டைத் தாங்கும் பலம் கொஞ்சம் கூடும். கொஞ்சம்தான். இந்தக் 'கொஞ்சம்' என்ற சொல் எங்கள் கம்பெனி நோட்டீசில் கிடையாது. நான் பேசும்போது மட்டும் சேர்த்துக்கொள்வேன்.

போன் செய்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். பெங்களூரு நீலசந்திராக்காரர். பல வருடம் தண்ணீர் டேங்கர் லாரி ஓட்டியவர். லாரியை விற்றுவிட்டு, ஹொசக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, இரும்புக் கம்பி வலையைச் சுற்றி நிறுத்தி உள்ளே தார்ப்பாய் விரித்த ஆறு வட்டத் தொட்டிகளில் ஜிலேபி மீன் விட்டிருந்தார். அவரும் அவர் மனைவியும் அங்கேயே ஒரு ஷீட் போட்ட அறையில் தங்கியிருந்தார்கள். நான் முதல் தடவை போனபோது அவர் தீவனம் வாங்க வெளியே போயிருந்தார். பவுடரைக் கொடுத்துவிட்டு, கலக்கும் முறையை அவர் மனைவிக்குத்தான் விளக்கினேன். அரிசிக் கஞ்சி காய்ச்சி, நன்றாக ஆறவைத்து, அதில் பவுடரைக் கரைத்து, தீவன உருண்டைகள் மேல் தெளித்துப் புரட்டி, நிழலில் உலர்த்திப் போட வேண்டும். கஞ்சி இருப்பது பவுடர் தண்ணீரில் கரைந்து போகாமல் தீவனத்தோடு ஒட்டுவதற்காக. சூடு பட்டால் வைட்டமின் சி கெட்டுவிடும் என்பதை இரண்டு முறை சொன்னேன். அந்த அம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினார்.

பண்ணைக்கு நான் போய்ச் சேரும்போதே வெயில் தலையில் உறைத்தது. கேட்டைத் தாண்டியதும் நாற்றம் வந்தது. காய்கறி கொண்டுபோகிற பிளாஸ்டிக் கிரேட்டுகளில் செத்த மீன்களை அள்ளிப் போட்டு வரிசையாக வைத்திருந்தார். எனக்குக் காட்டுவதற்காகவே அப்படி வைத்திருந்தார் என்று தோன்றியது.

வண்டியை ஷீட்டின் நிழலில் நிறுத்தி, சாவியை எடுக்காமலேயே தொட்டியை நோக்கி ஓடினேன். பின்னால் சாவி கழலும் சத்தம் கேட்டது. திரும்பினேன். அவர் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க மேனேஜர் வரட்டும். அதுவரைக்கும் நீங்க இங்கதான்."

"அண்ணா, சாவியைக் குடுங்க."

"குடுக்கறேன். மேனேஜர் வந்து பதில் சொன்னதும் குடுக்கறேன்."

குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அக்கம்பக்கத்தில் ஒரு யூகலிப்டஸ் தோப்பும், பாதி கட்டி நிறுத்திய ஒரு கட்டடமும் தவிர ஒன்றுமில்லை. அவர் மனைவி அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போன் என் கையில்தான் இருக்கிறது, யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேனேஜரைக் கூப்பிட்டேன்.

விஷயத்தைக் கேட்டதும் அவர், "டோஸை டபுள் பண்ணச் சொல்லு" என்றார்.

"சார், மீன் வாயைத் திறந்துகிட்டு மேல தொங்குது. இப்ப வைட்டமின் போட்டு ஒண்ணும் ஆகாது. நீங்க கொஞ்சம் வந்தீங்கன்னா—"

"மீட்டிங்ல இருக்கேன். நீயே ஹேண்டில் பண்ணு."

அடுத்த முறை அவர் எடுக்கவே இல்லை. மீன்காரர் என் முகத்தைப் பார்த்தார். அவர் கேட்காமலேயே புரிந்துகொண்டார்.

உள்ளே போய், பாதி காலியான பவுடர் பாக்கெட்டையும் ஒரு எவர்சில்வர் டம்ளரையும் கொண்டு வந்தார். டம்ளரில் தண்ணீர் மொண்டு, ஒரு கை பவுடரைப் போட்டு விரலால் கலக்கினார்.

"சத்துன்னுதானே சொன்னே? குடி."

'மேடம்' போய்விட்டது. 'நீ' வந்துவிட்டது.

அந்தப் பவுடரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். விஷமில்லை. டம்ளரை வாங்கினேன். ஒரே மூச்சில் பாதி குடித்தேன். புளிக்க வேண்டும், நாக்கு சுருங்குகிற அளவுக்குப் புளிக்க வேண்டும். புளிப்பே இல்லை. சுண்ணாம்பைக் கரைத்துக் குடித்த மாதிரி இருந்தது. பாக்கெட்டை வாங்கி உள்ளே பார்த்தேன். நான் கொடுத்தபோது வெள்ளையாக இருந்த பவுடர் டீத்தூள் கலந்த மாதிரி பழுப்பேறி, கட்டி கட்டியாக இருந்தது.

"இதை எங்க வெச்சிருந்தீங்க அண்ணா?"

"அதோ, ஷீட்டுக்குக் கீழ. தீவன மூட்டை மேல."

"ஷீட்டுக்கு அடியில அடுப்பு மாதிரி சூடு. பாக்கெட் வாயைத் திறந்தே வெச்சிருக்கீங்க. இது கெட்டுப்போயிருச்சு. ஆனா இதனால மீன் சாகல. இதுல இப்ப சத்தே இல்ல, அவ்ளோதான்."

அவர் மெதுவாகக் கேட்டார்: "வெயிலுக்குத் தாங்கும்னு ஒரு மருந்தை விக்கறீங்க. அந்த மருந்தே வெயிலுக்குத் தாங்காதா?"

இன்று வரை அந்தக் கேள்விக்கு நல்ல பதிலாக ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

பேச்சை நிறுத்திவிட்டுத் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டேன். முப்பத்தாறைத் தாண்டியிருந்தது. பெங்களூருவில் தண்ணீர் அப்படிச் சுட்டு நான் பார்த்ததில்லை. அடியிலிருந்து மூக்கைக் குத்துகிற நெடி வேறு. தீவனம் எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டேன். பவுடர் போட ஆரம்பித்ததிலிருந்து அதிகமாகவே போடுவதாகச் சொன்னார். சத்து சேர்ந்த தீவனம்தானே, நிறைய தின்றால் நிறைய பலம் என்று நினைத்திருக்கிறார். சூட்டில் மீன் சரியாகத் தின்னாது. தின்னாத தீவனம் அடியில் அழுகும். அழுகியது தண்ணீரைக் கெடுக்கும். சூடான தண்ணீரில் ஏற்கெனவே காற்று குறைவு. எல்லாம் சேர்ந்து மீனின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். நான் எங்கயும் போகல. இப்ப நான் சொல்றதை மட்டும் செய்ங்க. இன்னிக்கு ஒரு உருண்டை தீவனம்கூட வேணாம். தொட்டிக்கு மேல நிழல் வேணும். போர் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும், மேலேருந்து சிதறுற மாதிரி. ஒரேயடியா விட்டா அதுவே ஷாக் ஆயிடும்."

அவர் நகரவில்லை. நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, முதல் தொட்டியின் அடி வால்வைத் திறந்து கறுப்புத் தண்ணீரை வெளியே விட ஆரம்பித்தேன். பார்த்துக்கொண்டிருந்தவர், போய் போர் மோட்டாரைப் போட்டார்.

நிழலுக்குப் பச்சை வலை ஒரு சுருள் இருந்தது. இரண்டு தொட்டிக்குக்கூடக் காணாது. புடவை ஏதாவது இருந்தால் கட்டலாம் என்று கேட்க அறைக்குள் போனேன். அவர் மனைவி டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதையும் எடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து கதவைப் பாதி சாத்தினார்.

"மேடம், நீங்க ஆறவெச்சுதான் கலக்கணும்னு சொன்னீங்க."

"ஆமாக்கா."

"நான் ஆறவெக்கல. அடுப்புலேருந்து எறக்கினதும் அப்டியே ஊத்திக் கலந்தேன். தெனமும்."

"ஏன்க்கா?"

"சூடா இருந்தாதான் நல்லா ஒட்டும்னு அவரு சொன்னாரு. நீங்க சொன்னதை அவருகிட்ட நான் எடுத்துச் சொல்லவே இல்ல. சொன்னா, நேத்து வந்த பொண்ணு பேச்சைக் கேட்டுக்கினு எனக்கே சொல்லித் தர்றியான்னு ஆரம்பிச்சுடுவாரு. ஒட்டினா சரிதானேன்னு விட்டுட்டேன்." அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சில்லென்று இருந்தன. "அவருகிட்ட சொல்லிடாதீங்க மேடம். நான்தான் கொன்னுட்டேன்."

"நீங்க கொல்லலக்கா. வைட்டமின் சரியா உள்ள போயிருந்தாலும் இந்தத் தண்ணியில மீன் தாங்கியிருக்காது. நிழலும் போதுமான காத்தும் இல்லாம அது தனியா ஒண்ணும் பண்ணாது."

நான் சொன்னது உண்மை. ஆனால் அவர் அதை நம்பவில்லை. நான் ஆறுதலுக்காகச் சொல்வதாக நினைத்தார். எனக்கும் தர்மசங்கடம்தான். வெளியே நிற்கிற மனிதர் என் பவுடர்தான் கொன்றது என்கிறார். இங்கே நடந்ததைப் போய்ச் சொன்னால் பழி என் தலையிலிருந்து இறங்கும். சாவியும் கிடைக்கலாம். அப்புறம் நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன், இந்த அம்மா இங்கேயே அவரோடு இருப்பார். "புடவையை எடுங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

மதியம் முழுக்க மூன்று பேரும் வேலை செய்தோம். நான்கு தொட்டிகளுக்கு மேல் குறுக்கே கயிறு கட்டி, வலையையும் புடவைகளையும் விரித்தோம். கல்யாணத்துக்குக் கட்டுகிற ஜரிகைப் புடவை ஒன்றையும் அந்த அம்மா கொண்டு வந்து கொடுத்தார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. மேற்கு ஓரத்தில் இருந்த இரண்டு தொட்டிகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நடுவில் ஒருமுறை என் அம்மா போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

மூன்று மணிவாக்கில் தெர்மாமீட்டர் ஒரு கோடு இறங்கியது. மேலே தொங்கிய மீன்களில் சில கீழே இறங்கத் தொடங்கின.

அப்போதுதான் காற்று நின்றது. யூகலிப்டஸ் இலை ஒன்றுகூட அசையவில்லை. கிழக்கே வானம் கன்றிய காயம் போலக் கறுத்திருந்தது. "மழை வருது" என்றார் அவர். நாள் முழுதும் அவர் முகத்தில் நான் பார்க்காத ஒரு தெளிவு. "வரட்டும், வந்தா சூடு தணியும்."

மெதுவாக வரும் மழை என்றால் நல்லது. சித்திரையில் பெங்களூருவில் மழை மெதுவாக வராது.

முதலில் புழுதிக் காற்று. அதோடு கரண்ட் போனது. தொட்டிகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த மோட்டார் நின்றதும், காலையிலிருந்து காதில் இருந்துகொண்டே இருந்த அந்த இரைச்சல் இல்லாமல் போனது. தண்ணீரில் குமிழிகள் அடங்கின. நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் காற்று நின்றால் கொஞ்ச நேரம்தான் தாங்கும். ஏற்கெனவே நொந்துபோன மீன் அதுகூடத் தாங்காது.

"ஜெனரேட்டர் கீதா அண்ணா?" பதற்றத்தில் எனக்கும் அவர் பேச்சு ஒட்டிக்கொண்டது.

"கீது. பெட்ரோல் இல்ல. போன வாரம் கரண்ட் போனப்போ தீந்துபோச்சு. இன்னிக்கு சாயங்காலம் வாங்கலாம்னு..." அவர் தன் சரக்கு ஆட்டோவைப் பார்த்தார். அது டீசல் வண்டி.

அதற்குள் ஷீட் மேல் 'டங்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு வானமே உடைந்து கொட்டியது. நெல்லிக்காய் அளவு ஆலங்கட்டி. தோளிலும் முதுகிலும் கல்லெறிகிற மாதிரி விழுந்தது. நாங்கள் கட்டிய வலைகளிலும் புடவைகளிலும் பனிக்கட்டி குவிந்து, அவை தொட்டிக்குள் தொய்ந்தன. சூட்டுக்குக் கட்டிய நிழல் இப்போது ஐஸ் மூட்டையாகத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து சூட்டில் வெந்த மீன் மேல் ஒரேயடியாகக் குளிர் விழுந்தால் மிச்சமும் போய்விடும்.

"கயித்தை அவுங்க! ஒரு பக்கமா இழுத்துக் கொட்டுங்க!" என்று கத்தினேன். அந்த அம்மா அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு ஓடி வந்து கயிறுகளை அறுத்தார். ஜரிகைப் புடவை கிழிந்து பனிக்கட்டியோடு சேற்றில் விழுந்தது. அதை மிதித்துக்கொண்டே அடுத்த தொட்டிக்குப் போனோம். கரண்ட் இல்லாததால் போர் தண்ணீரும் இல்லை. ஆளுக்கொரு குடத்தை எடுத்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு உயரத் தூக்கி மறுபடி தொட்டியில் ஊற்றினோம். அப்படி ஊற்றும்போது கொஞ்சம் காற்று கலக்கும். கைதான் மோட்டார்.

அவர் என் எதிரே வந்து நின்றார். சட்டைப் பையில் கை விட்டுச் சாவியை எடுத்து நீட்டினார். மழையில் அவர் முகமே தெரியவில்லை.

"வண்டியில பெட்ரோல்..."

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். சீட்டைத் திறந்தேன். ஆபீசுக்குப் போகும் வழியில் போடலாம் என்று தள்ளிக்கொண்டே வந்ததில், டேங்கில் பாதிக்கும் கீழேதான் இருந்தது. காற்று மோட்டாரின் ரப்பர் குழாய் ஒன்றை அறுத்து டேங்கில் விட்டு, வாயால் உறிஞ்சி, வாய்க்கு வந்த பெட்ரோலைத் துப்பிவிட்டு ஜெனரேட்டருக்குள் விட்டார். பழைய டிரைவர்தானே, ஒரு சொட்டு சிந்தவில்லை. கயிற்றை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். ஜெனரேட்டர் இருமிவிட்டு அடங்கியது.

அந்த நேரத்தில்தான் தொட்டிப் பக்கத்திலிருந்து அவர் மனைவி கத்தினார். குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டே கத்தினார்.

"மேடம் ஆறவெச்சுக் கலக்கச் சொன்னாங்க! நான்தான் உங்ககிட்ட சொல்லல!"

ஷீட் மேல் ஆலங்கட்டி விழுகிற சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "இன்னாது?"

"மருந்து! சூடு கஞ்சியில போட்டா கெட்டுப்போயிடும்னு மேடம் அன்னிக்கே சொன்னாங்க! நான் சொல்லாம விட்டுட்டேன்!"

இந்த முறை கேட்டது. அவர் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே குனிந்து நின்றார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை என்ன செய்யப்போகிறது என்று தெரியவில்லை. அவர் கயிற்றை இன்னொரு முறை இழுத்தார். ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது.

"ஸ்விட்சை மாத்துடி!" என்று மட்டும் கத்தினார்.

ஆலங்கட்டி வெகுநேரம் பெய்யவில்லை. பிறகு சாதாரண மழையாகி, அதுவும் தூறலாகி நின்றது. தரையெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். நாங்கள் வலையை இழுத்துக் கொட்டிய நான்கு தொட்டிகளிலும் தண்ணீர் குளிர்ந்திருந்தது, ஆனால் தாங்க முடியாத அளவுக்கு இல்லை. மீன்கள் அடியில் அசையாமல் கிடந்தன. செத்துவிட்டனவா என்று கையை விட்டால் விலகி ஓடின. மேற்கு ஓரத்துத் தொட்டிகளுக்கு எங்களால் போகவே முடியவில்லை. நாள் முழுக்க நேர் வெயிலில் காய்ந்தவை. ஆலங்கட்டியும் நேராக உள்ளேயே விழுந்திருந்தது. அங்கே வெள்ளை வயிறுகள் மேலே மிதக்க ஆரம்பித்திருந்தன.

மூன்று பேரும் நனைந்த துணியோடு ஷீட்டின் கீழ் உட்கார்ந்தோம். என் முழங்கையில் ரத்தம் கட்டியிருந்தது. அந்த அம்மா கணவரைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே இருந்தார். தண்ணீர் வடிவது நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தார்.

அவர் தொட்டிகளைப் பார்த்தபடியே பேசினார்.

"நீ சொல்லியிருந்தா மட்டும் நான் கேட்டிருப்பனா?"

அந்த அம்மா நிமிர்ந்தார்.

"கேட்டிருக்க மாட்டேன்" என்று அவரே சொன்னார். "சூடா ஊத்துன்னு சொன்னவன் நான்தானே."

என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். எதிர்பார்த்தேன். ஒரு பெண்ணின் சாவியைப் பிடுங்கி நாள் முழுக்க நிறுத்தி வைத்தது சின்ன விஷயமா என்ன? கரண்ட் வந்த பிறகு, ஜெனரேட்டரில் மிஞ்சியதை வடித்து என் வண்டியில் ஊற்றினார். பெட்ரோல் பங்க் வரை போதாது என்று ஸ்கூட்டரையே சரக்கு ஆட்டோவில் ஏற்றி, மெயின் ரோடு வரை கொண்டு வந்து விட்டார். இறங்கும்போது, "நாளைக்கு வருவீங்களா மேடம்?" என்றார். 'மேடம்' திரும்பி வந்திருந்தது.

மேனேஜர் போகவேண்டாம் என்றார். கம்பெனிக்கு வம்பு என்றார். நான் போனேன். முதல் நாள் தீவனம் போடவில்லை. அடுத்த நாள் ஒரு பிடி போட்டோம். மீன்கள் சீண்டவில்லை. உருண்டைகள் ஊறி அடியில் போயின. வலையால் அரித்து எடுத்தோம். செத்துப்போனவை தினமும் கொஞ்சம் மிதந்தன. ஒவ்வொரு காலையும் கேட்டைத் திறந்ததும் முதலில் மிதப்பவற்றை எண்ணுவேன்.

புதுப் பாக்கெட் ஒன்று கொண்டு போயிருந்தேன். அந்த அம்மா கஞ்சியைக் காய்ச்சி, தட்டத்தில் ஊற்றி ஆறவைத்தார். ஆறிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்தார். பிறகு கணவரைக் கூப்பிட்டு அவர் விரலையும் விடச் சொன்னார். அவரும் விட்டார். கலந்து புரட்டியதை நிழலில் பாயில் பரப்பினார்கள். அந்த அம்மா பாக்கெட்டின் வாயை இறுக்கக் கட்டி, ஒரு டப்பாவில் போட்டு, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஈர மணலில் புதைத்து வைத்தார். அதை நான் சொல்லித் தரவில்லை.

ஒரு வாரம் கழிந்திருக்கும். தீவனத்தைத் தூவியதும் ஒரு தொட்டியில் தண்ணீர் குபுகுபுவென்று கலங்கியது. வாய்கள் மேலே வந்தன. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அவர் கணவர் அடுத்த பிடியை அள்ளப் போனார். "போதும்" என்று நானும் அந்த அம்மாவும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

நான்கு தொட்டி மீன்களில் பாதிக்கு மேல் பிழைத்தன. மேற்கு ஓரத்துத் தொட்டிகளில் ஒன்றும் தேறவில்லை. எந்த மீன் நிழலால் பிழைத்தது, எது காற்றால் பிழைத்தது, பிற்பாடு கொடுத்த வைட்டமின் எதைத் தேற்றியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கேட்டால், கொஞ்சம் உதவியிருக்கும் என்பேன். அந்த வருடமே அந்தக் கம்பெனியை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். என் நம்பரை மட்டும் அந்தப் பண்ணைக்காரர்கள் அழிக்கவில்லை.

மார்கழியில் ஒரு காலை போன் வந்தது. அந்த அம்மாதான்.

"மேடம், இந்த வாட்டி குளிரு ஜாஸ்தி. தண்ணி சில்லுனு கீது. மீன் பாதி தீவனத்தை விட்டுடுது. செத்தது எதுவும் இல்ல. இப்பவும் பவுடர் குடுக்கலாமா?"

பின்னாலிருந்து அவர் கணவரின் குரல் கேட்டது. "வெந்நீர் ஊத்தலாமான்னு கேளு."

"சும்மா இருங்க, நான் பேசறேன் இல்ல?" என்று அதட்டிவிட்டு, "நீங்க சொல்லுங்க மேடம்" என்றார்.

தண்ணீர் எத்தனை டிகிரி இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொன்னேன். அந்த அம்மா தொட்டிப் பக்கம் நடந்து போகும் சத்தம் கேட்டது. காத்திருந்தேன்.